கண்ணாடியில் கீறிய கோடு

கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்று பேரும் சூசைவலசைக்குத் திரும்பி வந்தபோது பகல் பதினோரு மணி இருக்கும். வீட்டிலிருந்த நெத்திலியைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று அமலோற்பவம் கடற்கரையில் யோசித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் கரை வழியாக வரவில்லை, அவளுடைய அண்ணன் பெலவேந்திரனின் கேமரா வழியாக வந்தார்கள். அன்றைக்கு மாதா திருவிழா. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரே வரிசை வரிசையாக நிற்க, வருஷா வருஷம் எடுக்கிற ஊர்ப்படத்தை எடுப்பதற்காகப் பெலவேந்திரன் தன்னுடைய பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றி, அதன் தலைமூடியைத் திறந்து, கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டதா என்று பார்க்கிறவனைப் போலக் குனிந்து பார்த்தான். மீடியம் ஃபார்மேட் கேமரா என்று அவன் சொல்வான், ஊருக்கு அது பெட்டி. பெட்டியின் மேல்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேய்த்த கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குள் எதிரே இருக்கிற உலகம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். அந்தக் கண்ணாடியின் இடது ஓரத்தில், ஊர்க்காரர்களின் வரிசைக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பு வரை நனைந்த மூன்று பேர் நின்றார்கள்.

பெலவேந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. குனிந்து பார்த்தான். நின்றார்கள்.

"ஏத்தா அமலி, மாப்ள வந்து நிக்கிறாரு" என்றான்.

அமலி கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வந்து குனிந்தாள். அவளுடைய புருஷன் ஸ்தனிஸ்லாஸ், கட்டைவிரல் உயரத்தில், பச்சைக் கட்டம் போட்ட கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் வள்ளத்தை ஓட்டிப்போன இன்னாசி. அவனுக்குப் பின்னால் மீசை அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்த ராயப்பன்.

"இந்தக் கைலியத்தான அண்ணே இத்தன நாளா நான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அமலி. "கொடியில இருந்தத யாரோ எடுத்துட்டாகன்னு பக்கத்து வீட்டுல சண்டையே போட்டுட்டேன்."

அப்புறம்தான் அழுதாள். அழுத தண்ணி கண்ணாடியில் விழுந்துவிடக் கூடாதென்று பெலவேந்திரன் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, தன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான்.

அவர்கள் போனது ஐப்பசியில். காற்று மாறி அடித்த ஒரு காலையில் ஃபைபர் வள்ளத்தில் போனார்கள், அவ்வளவுதான். கடல் ஒரு பிளாஸ்டிக் கேனை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு ஊர் அவர்களுக்கு உடம்பில்லாமல் பூசை வைத்தது, குழியில்லாமல் சிலுவை நட்டது, ஸ்தனிஸ்லாஸ் போகும்போது அமலியின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மெர்சி என்று பேர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தது. இதெல்லாம் முடிந்த பிறகு அவர்கள் கேமராவுக்குள் வந்து நின்றால் ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது.

பங்குச் சாமியார் வந்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், "பூசைக்கு நேரமாச்சு, வந்தவனுங்க உள்ள வந்து உக்காரலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து, மறைக்கல்வி வகுப்பு, குழாயடி ஒழுங்கு பற்றிய அறிவிப்புகளோடு, பூசை நேரத்தில் யாரும் பெட்டியைப் பார்க்கக் கூடாது என்று ஒரு அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டார். பெட்டி பெலவேந்திரனின் ஸ்டுடியோ வாசலில் கடலைப் பார்த்தபடி ஒரு ஓலைப்பந்தலுக்குக் கீழே நிரந்தரமாக நின்றது, டீக்கடை செய்யது பாய் தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் போட்டார், முடிவெட்டுகிற ஆரோக்கியம் தினமும் குனிந்து பார்த்து மூவருக்கும் முடி வளரவேயில்லை என்று குறைபட்டுக்கொண்டார். விசாரணைக்கு வந்த ஏட்டையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "காணாமப் போனவங்க கேமராவுல இருந்தா அது எந்த ஸ்டேஷன் எல்லைல வரும்னு தெரியலையே" என்று ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனவர் மறுபடி வரவில்லை.

பெண்கள் தண்ணீர் எடுத்து முடித்ததும் வரிசையில் நிற்பார்கள். இன்னாசியின் பெண்டாட்டி ஜெசிந்தா தன் முறை வந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெட்டியோடு சண்டை போடுவாள், மகள் பத்தாவதில் தோற்றதிலிருந்து கூரை ஒழுகுகிறது வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். சத்தம் உள்ளே போகாது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உள்ளே இன்னாசி தலையைச் சொறிவான். "உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான் சொறிவாரு" என்பாள் ஜெசிந்தா, சந்தோஷமாக. ராயப்பனின் அம்மா பிரகாசி கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான், ஆனால் நிறைந்திருக்கிறது என்று காட்டுகிறானா காலியாக இருக்கிறது என்று காட்டுகிறானா என்பது பிரகாசிக்குத் தெரியாது, அதை யோசித்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போவாள்.

அமலி தன் முறைக்குப் பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலே பிடிப்பாள். பல் முளைத்தபோது பல்லைக் காட்டினாள், காது குத்தியபோது காதைக் காட்டினாள். கைகாட்டிக் கூப்பிட்டால் ஸ்தனிஸ்லாஸ் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவான். அவள் வலது கையை ஆட்டினால் அவன் இடப்பக்கம் போவான், இடது கையை ஆட்டினால் வலப்பக்கம் போவான். கல்யாணம் முடிந்த புதிதிலும் அப்படித்தான் இருந்தான் என்பதால் அவளுக்கு இது சிரமமாகவே இல்லை. மெர்சி பேசத் தொடங்கியபோது அவனுக்குக் கண்ணாடியப்பா என்று பேர் வைத்தாள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஏன் இத்தனை பெரியவர்களாக இருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு.

படம் எடுக்காமல் விட்டார்கள் என்று இல்லை. ஊரிலிருந்த எல்லாச் செல்போன்களும் அந்தக் கண்ணாடியைப் படமெடுத்துப் பார்த்தன, எல்லாவற்றிலும் மணலும் கடலும் மேலே குனிந்திருந்த செல்போனின் நிழலும்தான் விழுந்தன. பெலவேந்திரன் தன்னிடமிருந்த பிலிம் சுருள்களைப் பெட்டியின் பின்னால் மாட்டி ஒவ்வொன்றாக எடுத்தான். கழுவிப் பார்த்தால் ஆள் இல்லை. ஆனால் கடைசிச் சுருளில், அவர்கள் நின்ற இடத்தில், மணலில் ஈரக் காலடிகள் விழுந்திருந்தன. அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவன், "பழைய பிலிமு, கண்ணு மங்கிப் போச்சு. இன்னும் கூர்மையா ஒரு கண்ணு இருந்தா மாப்ள விழுந்திருவாரு" என்றான். அதன்பிறகு புதுச் சுருளுக்கு அலைந்து பார்த்தான், கிடைத்ததெல்லாம் கெட்டுப்போனது. விட்டுவிட்டான். தினமும் பார்க்கத்தான் பார்க்கிறோமே, படம் எதற்கு என்று ஊரும் விட்டுவிட்டது.

அமலிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், அவளிடம் ஸ்தனிஸ்லாஸின் படம் ஒன்றுகூட இல்லை. கடலுக்குப் போகாத நாளில் ஸ்தனிஸ்லாஸ் மச்சானோடு கல்யாண வீடுகளுக்குப் போய் லைட் பிடிக்கிறவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நூறு கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பார்த்தாலும் பொண்ணு முகத்தில் விழுகிற வெளிச்சம் அவன் பிடித்தது, ஆனால் அவன் ஒன்றிலும் கிடையாது. உடம்பு வெளியே, கை மட்டும் உள்ளே, அந்தக் கையும் படத்தில் விழாமல் பிடிக்கிறதில் அவனுக்கு ஒரு பெருமை. அவனுடைய சொந்தக் கல்யாண ஆல்பம், கடல் ஊருக்குள் வந்த புயலில் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது, பிரித்தபோது முகமெல்லாம் உரிந்து வந்துவிட்டது. போன் அவனோடு போயிற்று. மிச்சம் ஆதார் அட்டை. அதிலிருந்த முகத்தைக் காட்டியபோது மெர்சி, "இது திருடனா?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது மெர்சிதான். ஒரு நாள் பார்த்துவிட்டு, "அம்மா, கண்ணாடியப்பாவுக்கு ஒரு கையக் காணோம்" என்றாள்.

அமலி குனிந்தாள். கை இருந்தது. ஆனால் கண்ணாடியின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கூப்பிட்டாள், நடுவுக்கு வந்தான், கை இரண்டும் இருந்தது. கூப்பிடுவதை நிறுத்தியதும், அவன் நடக்காமலேயே, நங்கூரம் அறுந்த வள்ளம் மாதிரி மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனான். மூன்று பேருமே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், எத்தனை மாதமாகவோ, தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத அளவு. பெலவேந்திரன் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். எப்படித் திருப்பினாலும் அவர்கள் கூடவே திரும்பி அதே ஓரத்தில்தான் நின்றார்கள்.

"போகப் போறாக" என்றாள் ஜெசிந்தா. அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை.

வலை பின்னுகிற கொட்டகையில் ஊர் கூடியது. பெலவேந்திரன் விஷயத்தை விளக்கினான். பெட்டியின் பின்னால் பிலிம் மாட்டுகிற பாகத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மின்சாரக் கண் வைத்த ஒரு தகட்டை மாட்டலாம், டிஜிட்டல் பேக் என்று பேர். லென்ஸ் அதேதான், பெட்டி அதேதான், பின்பக்கம் மட்டும் புதுசு. ஊர் அதற்கு அங்கேயே முதுகு என்று பேர் வைத்துவிட்டது. சென்னையில் பழைய கேமரா சாமான் விற்கிற வில்சன் என்பவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வலைக் குவியலின் மேல் வைத்தார்கள்.

"என்ன எடுக்கப் போறீங்க? கல்யாணமா, நகையா?" என்றார் வில்சன்.

"ஆளுங்கதான்" என்றான் பெலவேந்திரன்.

"ஆள் அசைவாங்களா?"

கொட்டகை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி லேசா ஆடுவாங்க" என்றான்.

வில்சனிடம் இரண்டு முதுகு இருந்தது. ஒன்று பழையது, கண் பெரியது, கண்ணாடியில் தெரிகிறதை ஓரம் வரைக்கும் ஏறக்குறைய முழுசாகப் பிடிக்கும். ஆனால் பளீரென்று வெயில் வேண்டும், ஆள் சிலை மாதிரி நிற்க வேண்டும், கொஞ்சம் அசைந்தாலும் புகை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று புதுசு, கண் சின்னது, கண்ணாடியில் தெரிகிறதில் நடுவில் இருக்கிறதை மட்டும்தான் பிடிக்கும், ஓரமெல்லாம் போய்விடும். ஆனால் நடுவில் நிற்கிற ஆளின் இமை மயிரை எண்ணிவிடலாம், மேகம் மூடியிருந்தாலும் எடுக்கும். பெரிய கண்ணும் கூர்மையும் சேர்ந்த மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று விலையைச் சொன்னார். கொட்டகையே சிரித்துவிட்டது, பிரகாசிகூடச் சிரித்தாள்.

"ஓரத்துலதான நிக்கிறானுங்க, பெருசையே வாங்குங்கப்பா" என்றார் செய்யது பாய்.

"வாங்கி? புகையப் போட்டோ புடிக்கவா? எம்புள்ள ஆடிக்கிட்டே நிக்கிறான்" என்றாள் பிரகாசி.

"பிலிமுல காலடிதான விழுந்துச்சு. கூர்மையில்லாமத்தான ஆள் விழல" என்று பெலவேந்திரன் முனகினான்.

இப்படியே பேச்சு சுற்றியது. கூர்மையான கண் அகலமாக இல்லை, அகலமான கண் கூர்மையாக இல்லை. எதை எடுத்தாலும் ஒன்று போகிறது. ஜெசிந்தா அகலம் என்றாள், பிறகு கூர்மை என்றாள், பிறகு அழுதாள். கடைசியில் எல்லோரும் அமலியைப் பார்த்தார்கள், ஏனென்றால் சந்தையில் நூறு மீனில் ஒரு மீனைத் தொடாமலே எடுத்துவிடுகிறவள் என்று அவளுக்கு ஊரில் பேர்.

அமலி போனைப் பார்த்துக் கேட்டாள். "ஏண்ணே, அந்தச் சின்னது எதுவரைக்கும் புடிக்கும்னு கண்ணாடியப் பாத்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது சுலபம்மா. கண்ணாடி மேல ஒரு சதுரம் கோடு போட்டுக்கணும். கோட்டுக்குள்ள இருக்கறது விழும், வெளியில இருக்கறது விழாது. ஆளைக் கோட்டுக்குள்ள கூப்ட்டு நிறுத்துங்க, அவ்ளோதான்."

"கூப்ட்டா நடுவுல வருவாக" என்றாள் அமலி ஊரைப் பார்த்து. "நான் கூப்ட்டு வராம இருந்ததில்ல. சின்னதையே எடுப்போம்."

அந்த வருஷத் திருவிழாவுக்கு பேண்டு செட்டு வேண்டாம், வாணவேடிக்கை வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்தக் காசில் முதுகு பஞ்சு சுற்றிப் பார்சலில் வந்தது. செய்யது பாய் எல்லோருக்கும் டீ கொடுத்தார். சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், மின்சாரச் சாமான் என்று பெலவேந்திரன் கெஞ்சியதால் தள்ளி நின்று காற்றில் தெளித்தார்.

பெலவேந்திரன் அளவு பார்த்துக் கண்ணாடியின் மேல் பென்சிலால் சதுரம் போட்டான். கடற்கரை ஈரத்துக்கு அது டீ ஆறுவதற்குள் கலங்கிப்போனது. மறுபடி போட்டான், மறுபடி கலங்கியது. எந்த வேலையையும் அரைகுறையாகப் பார்க்கச் சகிக்காத அமலி, ஜாக்கெட்டில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து, "பென்சிலெல்லாம் நம்ம ஊரு உப்புக்கு நிக்காதுண்ணே, இந்தா, இதால கீறிவிடு, ஆயுசுக்கும் அழியாது" என்று கொடுத்தாள். அவன் ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் ஒரே சீராகக் கீறினான். நல்ல கோடு, மெல்லிசு, வெயில் பட்டால் மினுங்குகிற கோடு.

கீறி முடித்துக் குனிந்து பார்த்தபோது மூன்று பேரும் கோட்டுக்கு வெளியே போய் நின்றிருந்தார்கள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஜெசிந்தா கூப்பிட்டாள், பிரகாசி கூப்பிட்டாள். இன்னாசி கோடு வரைக்கும் வந்து, குனிந்து, சூடான சட்டியைத் தொட்டுப் பார்க்கிறவனைப் போல அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் போனான். ராயப்பன் கோட்டுக்குக் கிட்டவே வரவில்லை. அமலி மெர்சியைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் ஓடி வந்தான். கோட்டில் கால் கட்டைவிரல் படுகிற இடத்தில் நின்றான். கோட்டைப் பார்த்தான், அவளை அண்ணாந்து பார்த்தான், தலையாட்டினான், உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக் காட்டினான்.

சத்தியம் பண்ணுகிறான். அமலிக்கு அப்போது விளங்கியது.

சூசைவலசைக்கு எதிரே கடலில் ஒரு கோடு உண்டு. யாரும் கண்ணால் பார்த்ததில்லை, தண்ணீரில் எதுவும் கீறியிருக்காது, ஆனால் அதற்கு இந்தப் பக்கம் நம்முடைய கடல், அந்தப் பக்கம் அடுத்த நாட்டுக்காரர்களுடையது. தாண்டியவன் சிறையில் கிடப்பான், வள்ளம் போகும், வலை போகும், சில நேரம் ஆளே போவான். அதனால் அந்த ஊரில் எந்தப் பொம்பளையும் புருஷனைக் கடலுக்கு அனுப்பும்போது போய் வாங்க என்று சொல்வதில்லை. கோட்டத் தாண்டிறாதீங்க என்றுதான் சொல்வாள். தாயும் மகனுக்கு அதைத்தான் சொல்வாள். அந்த ஐப்பசிக் காலையில், இன்னும் விடியாத இருட்டில், கொடியிலிருந்த பச்சைக் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டவனிடம் அமலியும் சாணி தெளித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "கோட்டத் தாண்டிறாதீக, என்ன? பிள்ளத்தாச்சி பொண்டாட்டி இருக்கேன்." அவன் அவள் முன்னால் வந்து நின்று, இதே மாதிரி உச்சந்தலையில் கையை வைத்து, "தாண்டல தாயே" என்றான்.

"தாண்டலாங்க" என்று அவள் இப்போது பெட்டிக்குள் சொன்னாள். "இது அந்தக் கோடில்லங்க. இது நான் போட்ட கோடு. நாந்தான ஊசி குடுத்தேன். வாங்க."

அவன் சிரித்தான், தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. பல் விளக்குகிற பசையைப் போட்டுக் கீறலைத் தேய்த்தார்கள், கோடு இன்னும் பளபளப்பானது. பெலவேந்திரன் எங்கெங்கோ அலைந்து அதே அளவுக்கு வேறொரு கண்ணாடி வாங்கி வந்து மாட்டினான், அதில் மணல் இருந்தது, கடல் இருந்தது, ஆள் இல்லை. பதறிப்போய்ப் பழையதையே மாட்டினான், நல்லவேளை, நின்றார்கள், கோட்டுக்கு வெளியே. கோட்டைத் தாண்டலாம் என்று சாமியார் சிலேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு மேல் பிடித்தார், பஞ்சாயத்துத் தலைவர் முத்திரையோடு பிடித்தார். இன்னாசி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையை விரித்தான். "கலெக்டர் எழுதிக் குடுத்தாலும் வரமாட்டானுங்க" என்றார் செய்யது பாய். "இதுவரைக்கும் எழுதிக் குடுத்தத நம்பிப் போனவன் எவன் முழுசா வந்தான்?"

அமலி வில்சனுக்குப் போன் போட்டாள். பெரிய கண்ணாவது வேண்டும், புகையாக விழுந்தாலும் சரி, கோட்டுக்கு வெளியே இருக்கிறவர்களைப் பிடித்தால் போதும்.

"அது போன வாரமே போயிடுச்சும்மா" என்றார் வில்சன். "ஏன், இதுல ஆள் விழலையா?"

"விழமாட்டேங்கிறாக" என்றாள்.

கோட்டுக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு சுண்டுவிரல் அகலம். நடுவுக்குக் கூப்பிட வழியில்லாமல் போனதும் அந்தச் சுண்டுவிரல் அகலத்துக்குள் அவர்கள் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ராயப்பன்தான் முதலில் போனான். பிரகாசி காலையில் வந்து குனிந்தாள், நிமிர்ந்தாள், பின்னால் நின்றவளுக்கு வழி விட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். சாப்பிட்டானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. இன்னாசி போன அன்றைக்கு ஜெசிந்தா காலியான இடத்தைப் பார்த்து நாள் முழுக்கத் திட்டினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, செய்யது பாய் மட்டும் இடையிடையே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு தோளும் அரை முகமும் மிச்சம் இருந்தது.

அவன் போகப்போகிற நாள் வந்தபோது வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை வெயிலும் இல்லை, எந்தப் பக்கமும் நிழல் விழாத, சாம்பலைக் கரைத்து ஊற்றின மாதிரியான பகல். அமலி மெர்சிக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, தைத்து வைத்திருந்த மஞ்சள் கவுனைப் போட்டு, பெட்டிக்கு எதிரே மணலில் கொண்டுபோய் நிறுத்தினாள். "அசையாம நில்லு. அம்மா அப்பாவக் கூப்புடுறேன்."

"வருவாரா?"

"வருவாரு. நீ சிரி."

திரும்பி வந்து குனிந்தாள். கண்ணாடியின் சதுரத்துக்குள் மெர்சி, சுண்டுவிரல் அளவு, மஞ்சளாக. கோட்டுக்கு வெளியே அவன். அமலி தன் கையைத் தன் உச்சந்தலையில் வைத்தாள், வைத்த கையை எடுத்தாள், இல்லை என்று ஆட்டினாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அவன் புரிந்துகொண்டானோ என்னவோ. கோடு வரைக்கும் வந்தான். கட்டைவிரலைக் கோட்டில் வைத்தான். பக்கத்தில் பெலவேந்திரன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

ஸ்தனிஸ்லாஸ் மகளைப் பார்த்தான். சாம்பல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் மங்கலாக, கண்ணுக்குக் கீழே கருப்படித்து இருந்தது. அவன் உதட்டைச் சுழித்து நாக்கைத் தட்டினான். கல்யாண வீட்டில் பொண்ணு முகத்தில் வெளிச்சம் பத்தாவிட்டால் அவன் அப்படித்தான் செய்வான். கைலியை இன்னொரு மடிப்பு இறுக்கிக் கட்டினான். கால் கோட்டுக்கு வெளியே, உடம்பு கோட்டுக்கு வெளியே, கையை மட்டும் தூக்கிக் கோட்டுக்கு மேலாக உள்ளே நீட்டினான், கையில் ஒன்றும் இல்லை, ஆனால் விரல்கள் ஒரு கனமான விளக்கின் பிடியைப் பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்தன.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் மேல" என்றான் பெலவேந்திரன், பழக்கத்தில்.

கை கொஞ்சம் மேலே போயிற்று. பெலவேந்திரன் பொத்தானை அமுக்கினான்.

அந்தப் பெட்டியில் அமுக்கியதும் கண்ணாடி இருண்டுவிடும், பக்கத்துப் பிடியை முறுக்கினால்தான் மறுபடி வெளிச்சம் வரும். முறுக்கினான். வெளிச்சம் வந்தது. சதுரத்துக்குள் மெர்சி நின்றாள். சதுரத்துக்கு வெளியே, நாலு பக்கமும், மணல்.

முதுகின் சின்னத் திரையில் படம் ஏற்கனவே வந்திருந்தது. வில்சன் சொன்னது பொய்யில்லை, இமை மயிரை எண்ணலாம், கவுனில் அமலி போட்ட தையலை எண்ணலாம். கை விழவில்லை. நகம் கூட விழவில்லை. ஆனால் மெர்சியின் கன்னத்தில், படத்தின் வலப்பக்கத்திலிருந்து, மஞ்சள் கலந்த வெளிச்சம் ஒன்று விழுந்திருந்தது, மூக்கின் நிழல் மறு கன்னத்தில் சாய்ந்திருந்தது, நிழலே இல்லாத அந்தப் பகலில் அவளுடைய நிழல் மணலில் இடப்பக்கமாக நீளமாகக் கிடந்தது.

"நல்லா புடிச்சிருக்காரு" என்றான் பெலவேந்திரன்.

மெர்சி ஓடிவந்து திரையைப் பார்த்தாள். "அப்பா எங்க?"

அமலி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். செய்யது பாய் பெஞ்சைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். உப்புக் காற்றில் முதுகின் இணைப்புகள் பச்சை பூத்து, ஒரு நாள் அது எழும்பவேயில்லை. பெண்கள் தண்ணீர் எடுத்து முடித்ததும் வரிசை நிற்கிற பழக்கத்தில் கொஞ்ச நேரம் ஸ்டுடியோ வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள், பிறகு அதுவும் நின்றது. கடலுக்குப் போகிறவர்களிடம் ஜெசிந்தாவின் மருமகள் முதற்கொண்டு எல்லோரும் இன்றைக்கும் கோட்டத் தாண்டிறாதீங்க என்றுதான் சொல்கிறார்கள். அமலி மட்டும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

படத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் மெர்சியிடம், "ஒங்கப்பா எங்க, காட்டு" என்று கேட்டால், அவள் படத்தைத் தொடமாட்டாள். படத்துக்கு வலப்பக்கம், சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விரலை வைப்பாள். வைத்து வைத்து அந்த இடத்தில் பிள்ளையின் விரலழுக்கு ஒரு கறையாகப் படிந்துவிட்டது.

ஒரு நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அமலி சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். சுவர் ஈரமாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.